குடற்சுவரின் இரு பக்கங்கள்: மெட்ஃபார்மின் குளுக்கோஸை என்ன செய்கிறது?

பாம்பனில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்த என் தாய்மாமாவுக்குச் சென்ற ஆண்டு மதுரையில் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் மையத்தில் கொடுத்த தாளில், வெறும் வயிற்றுடன் வர வேண்டும் என்பது போன்ற வழக்கமான குறிப்புகளுக்கு இடையே, மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை நோய் மாத்திரையை உட்கொள்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு 48 மணி நேரத்துக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் காலையும் இரவும் அந்த மாத்திரையைத் தவறாமல் போட்டு வருபவர் அவர். "ஏ மாப்ள, ஒரு வேளை மாத்திரைய விட்டாலே டாக்டர் ஏசுறாக. இவுக ரெண்டு நாளைக்கு நிப்பாட்டச் சொல்றாக. மாத்திரைக்கும் படம் புடிக்கிறதுக்கும் என்னப்பா சம்மந்தம்?" என்று கேட்டார். பள்ளியில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்தவன் நான். ஆயினும் அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. தேடிப் படித்த பிறகுதான், அந்த ஒற்றை வரிக்குள் சர்க்கரை நோய் மருந்தைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கும் ஒரு செய்தி ஒளிந்திருப்பது தெரிந்தது.

அந்தத் தவறான புரிதலை முதலில் சொல்லிவிடுகிறேன். 'மாத்திரை போட்டால் சோற்றில் உள்ள சர்க்கரை வயிற்றிலேயே நின்றுவிடும், ரத்தத்துக்குப் போகாது' என்ற எண்ணம் நம் கடற்கரை ஊர்களில் பரவலாக உண்டு. விருந்துக்குப் போகும் நாளில் ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு, கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பை மூன்று துண்டு சாப்பிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மனத்தில் குடல் என்பது ஒரே பக்கம் திறக்கும் கதவு. மாத்திரை என்பது அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். உண்மையில் குடற்சுவருக்கு இரு பக்கங்கள் உள்ளன. மெட்ஃபார்மினின் வியப்பூட்டும் வேலைகளில் ஒன்று, நாம் நினைப்பதற்கு எதிர்ப்பக்கத்தில் நடக்கிறது.

சோற்றில் இருப்பது மாவுச்சத்து. அது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்னும் நொதி அச்சங்கிலியைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரிலேயே பதிந்திருக்கும் வேறு சில நொதிகள் அந்தத் துண்டுகளை ஒற்றை ஒற்றைக் குளுக்கோஸாக உதிர்க்கின்றன. ஒற்றையாக உதிர்ந்த பிறகே அது உறிஞ்சப்பட முடியும். ஏறக்குறைய 20 அடி நீளமுள்ள சிறுகுடலின் உட்புறம் முழுவதும் குடலுறிஞ்சிகள் எனப்படும் மிகச் சிறிய விரல் போன்ற நீட்சிகள் நிறைந்திருக்கின்றன; ஒவ்வொரு நீட்சியின் மேலும் ஒற்றை வரிசையாகச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. அந்த ஒவ்வொரு செல்லுக்கும் முன்வாசல் உணவு இருக்கும் குடற்குழியைப் பார்த்தும், பின்வாசல் ரத்தக் குழாய்களைப் பார்த்தும் அமைந்திருக்கிறது.

முன்வாசலில் நிற்கும் புரதத்தின் பெயர் எஸ்.ஜி.எல்.டி. 1. அது குளுக்கோஸைத் தனியாக உள்ளே விடுவதில்லை; ஒரு குளுக்கோஸுடன் இரண்டு சோடியம் அயனிகளும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் கொடுப்பதன் அடிப்படை இதுவே. இரண்டும் சேர்ந்து உள்ளே போகும்போது தண்ணீரும் பின்தொடர்ந்து போகிறது. 1960இல் ராபர்ட் கிரேன் என்ற அறிவியலாளர் பிராக் நகரில் முன்வைத்த இக்கருத்து, 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் கையில் எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்தானது என்பதை, நம் பேச்சுக்குச் சற்று வெளியே இருந்தாலும், சொல்லாமல் போக மனம் வரவில்லை. செல்லுக்குள் வந்த குளுக்கோஸ், பின்வாசலில் உள்ள குளூட் 2 என்னும் மற்றொரு புரதத்தின் வழியாக ரத்தத்துக்குள் இறங்கிக் கல்லீரலை நோக்கிப் போகிறது.

இதில் அளவையும் கவனிக்க வேண்டும். உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் உண்டு. சர்க்கரை அளவு 100 மில்லிகிராம் என்று ஆய்வகச் சீட்டில் வந்தால், அது ஒவ்வொரு 100 மில்லிலிட்டருக்கும் உரிய கணக்கு. பெருக்கிப் பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் முழுவதிலும் இருக்கும் குளுக்கோஸ் வெறும் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிச் சீனி அளவு. நம் மதியச் சாப்பாட்டில் 300 கிராம் சோறு இருந்தால் அதிலிருந்து மட்டும் ஏறத்தாழ 80 கிராம் மாவுச்சத்து குடலுக்குள் இறங்குகிறது. ஒரு தேக்கரண்டி இருக்கும் இடத்துக்குப் பதினாறு தேக்கரண்டி வந்து சேர்கிறது; ஆரோக்கியமான உடல் இன்சுலின் துணையுடன் அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் உடனுக்குடன் அனுப்பிவிடுகிறது. இரண்டாம் வகை சர்க்கரை நோயில் அந்த அனுப்பும் வேலை தடுமாறுவதால், வந்தது வந்தபடி ரத்தத்தில் தேங்குகிறது.

உணவுச் சர்க்கரை உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும் மருந்துகளும் உண்டு. மக்கள் மனத்தில் இருக்கும் 'தாழ்ப்பாள்' அவற்றுக்கே ஓரளவு பொருந்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் என்பவை அவை. அவைகூட வாசலை அடைப்பதில்லை. துண்டுகளை ஒற்றைக் குளுக்கோஸாக உதிர்க்கும் நொதிகளின் கையைக் கட்டிப்போடுகின்றன. உதிராத மாவுச்சத்து குடலில் கீழே கீழே நகர்ந்து, மெதுவாக உறிஞ்சப்படுகிறது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. இம்மருந்து எடுப்பவர்களுக்கு வயிற்றில் வாயு கூடுவதற்குக் காரணம் அந்த நுண்ணுயிர்களின் விருந்துதான். மாத்திரையை முதல் கவளத்துடன் சேர்த்து விழுங்கச் சொல்வதும் இதனால்தான். சாப்பிட்டு முடித்த பின் போட்டால், நொதி தன் வேலையைப் பெரும்பாலும் முடித்திருக்கும்.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அகார்போஸுடன் இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ சேர்த்து எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிட்டால், நம் வீடுகளில் கைக்குக் கிடைப்பது கருப்பட்டியும் சீனியும் மிட்டாயும்தான். அவற்றில் பெரும்பகுதி சுக்ரோஸ்; அதுவும் உடைந்தால்தான் உறிஞ்சப்படும்; உடைக்கும் நொதியையோ மருந்து தடுத்து வைத்திருக்கிறது. ஆகவே அந்த நேரத்தில் அவை எதிர்பார்த்த வேகத்தில் உதவுவதில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பதே உதவும். அது ஏற்கெனவே ஒற்றைக் குளுக்கோஸாக இருப்பதால் நொதியின் தயவு அதற்குத் தேவையில்லை. கருப்பட்டி என்றவுடன் நினைவுக்கு வருகிறது: சீனிக்கு மாற்றாகக் கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாது என்று சாயல்குடிப் பக்கம் உறுதியாகச் சொல்வார்கள். பனையின் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் குடற்சுவரில் உள்ள நொதிக்குப் பனஞ்சாற்றின் சுக்ரோஸும் கரும்பின் சுக்ரோஸும் ஒன்றே.

இனி மெட்ஃபார்மினுக்கு வருவோம். கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் உள்ள குவானிடின் வகைப் பொருள்களைத் தொடர்ந்து வந்த மருந்து இது. 1922இல் டப்ளினில் முதன்முதலாக ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்டது. 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயனை வெளியிட்டார். அமெரிக்காவில் 1995இல்தான் விற்பனைக்கு வந்தது. இன்று உலகில் இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கு மிக அதிகமாக எழுதப்படும் மாத்திரைகளுள் ஒன்று. இவ்வளவு பழைய மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்றுவரை ஆராய்ச்சி நடந்துகொண்டிருப்பதுதான் இதன் சுவையான பகுதி.

நெடுங்காலம் பாடநூல்கள் சொன்ன விடை கல்லீரல். நாம் சாப்பிடாத நேரத்தில், குறிப்பாக இரவில், கல்லீரல் தானே குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்துக்குள் விடுகிறது. சர்க்கரை நோயில் அந்தத் தயாரிப்பு அளவு மீறிப் போகிறது. மெட்ஃபார்மின் அதைக் குறைக்கிறது. இது இன்றும் ஏற்கப்பட்ட உண்மை. ஆனால் அதனுடன் பொருந்தாத சில செய்திகள் இருந்தன. இதே மருந்தை வாய்வழியாகக் கொடுக்காமல் ரத்தக் குழாயில் நேரடியாகச் செலுத்திய சில சோதனைகளில், எதிர்பார்த்த அளவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. கல்லீரல்தான் ஒரே களம் என்றால், ரத்தத்தில் நேராகப் போன மருந்து இன்னும் நன்றாக அல்லவா வேலை செய்திருக்க வேண்டும்? 2016இல் வெளியான ஓர் ஆய்வில் இதற்கு மறுதலையான சோதனை நடந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் போய்க் கரையும்படி மாத்திரையைச் செய்து கொடுத்தார்கள். அங்கிருந்து மருந்து ரத்தத்துக்குள் போவது குறைவு. ரத்தத்தில் மருந்தின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தும் சர்க்கரை நன்றாகவே இறங்கியது. குடல் வெறும் நுழைவழி மட்டும் என்றால் இது நடந்திருக்க முடியாது.

நாம் விழுங்கும் மெட்ஃபார்மினில் பாதிக்குச் சற்று அதிகமே ரத்தத்தை அடைகிறது. எஞ்சியது குடலிலேயே தங்கிப் பிறகு வெளியேறுகிறது. சிறுகுடற் சுவரில் அதன் செறிவு, ரத்தத்தில் இருப்பதைப் போல 30 முதல் 300 மடங்கு வரை இருப்பதாக அளந்திருக்கிறார்கள். இவ்வளவு மருந்தில் ஊறிக் கிடக்கும் குடற்செல்லின் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் மையம்.

செல்லின் ஆற்றல் தயாராகும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அங்கே ஆக்சிஜனின் துணையுடன் எரிபொருள் முழுமையாக எரிக்கப்படுகிறது. மெட்ஃபார்மின் அங்குள்ள ஆற்றல் சங்கிலியின் முதல் கண்ணியை மெதுவாக்குகிறது. அப்போது செல், ஆக்சிஜன் தேவைப்படாத பழைய குறுக்குவழியை அதிகம் நம்ப வேண்டியதாகிறது: குளுக்கோஸைப் பாதியில் உடைத்து லாக்டேட்டாக்கி விடும் வழி அது. முழுமையாக எரித்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ 30 அலகு ஆற்றல் கிடைக்கும். குறுக்குவழியில் கிடைப்பது 2 மட்டுமே. எனவே அதே வேலையைச் செய்ய அந்தச் செல்லுக்குப் பல மடங்கு குளுக்கோஸ் தேவைப்படுகிறது. சாதாரணமாகச் சிறுகுடற் செல்கள் தங்கள் சொந்தச் செலவுக்குக் குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்தையே பெரிதும் பயன்படுத்துகின்றன. பெருங்குடற் செல்கள் நுண்ணுயிர்கள் தயாரித்துத் தரும் சிறு கொழுப்பு அமிலங்களை எரிக்கின்றன. மெட்ஃபார்மின் வந்த பிறகு இரண்டும் குளுக்கோஸ் பக்கம் திரும்புகின்றன. முன்வாசலில் உணவு இல்லாத நேரத்தில் அவை எங்கே போய்க் குளுக்கோஸ் எடுக்கும்? பின்வாசல் வழியாக, ரத்தத்திலிருந்துதான்.

இதை மாமாவுக்கு விளக்கியபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப, அடைச்ச இன்ஜினு டீசலக் குடிக்கிற மாதிரின்னு சொல்லு" என்றார். இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. காற்று வடிகட்டி அடைத்துக்கொண்ட இன்ஜின் அதே தூரம் ஓடுவதற்கு அதிக டீசலைக் குடித்துக் கரும்புகையைக் கக்கும். இங்கே குடற்செல் அதிகக் குளுக்கோஸைக் குடித்து லாக்டேட்டைக் கக்குகிறது. படகுக்காரருக்கு அது நட்டம். ரத்தத்தில் எரிபொருள் மிஞ்சிக் கிடக்கும் சர்க்கரை நோயாளிக்கோ அந்த வீண்செலவே ஆதாயமாகிறது.

வெளியேறிய லாக்டேட்டில் ஒரு பகுதி கல்லீரலுக்குப் போய் மீண்டும் குளுக்கோஸாக மாற்றப்படுகிறது. ஆனால் உடைத்தபோது கிடைத்த ஆற்றலைவிட மறுபடி கட்டுவதற்கு மும்மடங்கு ஆற்றல் செலவாகிறது. அந்தச் சுழற்சியே ஒரு கூடுதல் செலவுக் கணக்கு.

பெட் ஸ்கேனின் புதிர் இப்போது அவிழ்கிறது. அந்தப் பரிசோதனையில் எஃப்.டி.ஜி. என்ற பொருளை ரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். அது கதிரியக்க ஃபுளோரின் ஒட்டிய ஒரு போலிக் குளுக்கோஸ். செல் அதை அசல் என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் முழுமையாக உடைக்க முடியாமல் அங்கேயே தேக்கி வைக்கும். குளுக்கோஸை அதிகம் இழுக்கும் இடம் எதுவோ அது படத்தில் ஒளிரும். மூளை எப்போதும் ஒளிரும்; பல வகைப் புற்றுநோய்க் கட்டிகளும் ஒளிரும், அவற்றைத் தேடவே இந்தப் படம். மெட்ஃபார்மின் எடுப்பவருக்கோ குடல், குறிப்பாகப் பெருங்குடல், ஒரு வளைந்த விளக்குச் சரம்போல் ஒளிர்ந்து, அதற்குள்ளோ அதன் பக்கத்திலோ ஏதேனும் கட்டி இருந்தால் மறைத்துவிடும். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினால் அந்த ஒளி மங்கும். மருந்துப் பெட்டியில் அச்சிடப்படாத ஒரு விளைவை இப்படி ஸ்கேன் அறையில் இருந்தவர்கள்தான் கண்ணால் பார்த்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. வேறொன்றைத் தேடியபோது வழியில் தட்டுப்பட்டது இது.

கதை அங்கேயும் முடியவில்லை. ஒளிர்வது குடற்சுவரா, சுவரைத் தாண்டிய உட்குழியா என்பதைப் பழைய படங்களில் பிரித்தறிவது கடினமாக இருந்தது. ஜப்பானின் கோபே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெட் ஸ்கேனையும் எம்.ஆர்.ஐ.யையும் ஒருங்கே எடுக்கும் கருவியால் பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள்: மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடம், ரத்தத்தில் செலுத்திய அந்தப் போலிக் குளுக்கோஸ், குடலின் உட்குழிக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருந்தது. அதாவது ரத்தத்திலிருந்து குடற்சுவரைக் கடந்து, உணவு இருக்கும் பக்கத்துக்குக் குளுக்கோஸ் வெளியேறுகிறது. அப்படி வெளியேறுவது குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாவதை அவர்கள் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். சர்க்கரை எப்போதும் குடலிலிருந்து ரத்தத்துக்கே போகும் என்று நான் வகுப்பில் அம்புக்குறி போட்டுக் கற்பித்தது நினைவுக்கு வந்து சற்று வெட்கமாக இருந்தது.

பாம்பன் கால்வாயை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. தூக்குப் பாலத்துக்கு அடியில் ஓடும் நீர் வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே ஒரே திசையில் நிரந்தரமாக ஓடுவதில்லை. பருவக் காற்று மாறினால் ஓட்டமும் மாறும். சாப்பிட்ட ஓரிரு மணி நேரம் குடற்சுவரின் ஓட்டம் பெரும்பாலும் உள்நோக்கியதுதான், மெட்ஃபார்மினால் அதை நிறுத்த முடியாது. கொஞ்சம் மந்தப்படுத்துகிறது, முன்பகுதியில் உறிஞ்சப்பட வேண்டியதில் சிறிது பின்பகுதிக்குத் தள்ளிப்போகிறது, அதனால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் அளவு சற்றுத் தணிகிறது. ஆனால் விருந்து நாளில் கூடுதலாக ஒன்று விழுங்கிவிட்டுத் தொதல் சாப்பிடுபவர் நம்பும் அளவுக்கு அது ஒரு தடுப்பணை அல்ல. கூடுதல் மாத்திரையால் அவர் பெறப்போவது பெரும்பாலும் வயிற்றுப்போக்குதான்.

குடலில் இம்மருந்து செய்யும் வேறு வேலைகளும் உண்டு. கீழ்க்குடலில் சுரந்து இன்சுலினைத் தூண்டும் ஜி.எல்.பி. 1 என்னும் ஹார்மோனைச் சற்றுக் கூட்டுகிறது. பித்த உப்புகள் மறுபடி உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. நுண்ணுயிர்களின் கூட்டத்தில் யார் பெருகுவது, யார் தேய்வது என்பதையும் மாற்றுகிறது. இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்ற கணக்கு ஆய்வாளர்களிடையே இன்னும் முடிவாகவில்லை.

மாத்திரை எடுப்பவர்கள் படும் சில்லறைத் தொல்லைகள் பலவற்றுக்கும் காரணம் இந்தக் குடல் வாழ்வுதான். தொடங்கிய முதல் வாரங்களில் வயிறு கலங்குவது, வாயில் உலோகச் சுவை தட்டுவது, பசி குறைவது எல்லாம் பலரும் சொல்பவை. அதனால்தான் மருத்துவர்கள் 500 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். உணவுடனோ உணவு முடிந்தவுடனோ எடுக்கச் சொல்கிறார்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையில் தொல்லை குறைவு. அந்த வகையை எடுப்பவர்கள் சிலர், மலத்தில் மாத்திரை முழுதாக வந்துவிட்டது என்று பதறுவார்கள். மருந்து கசிந்து வெளியேறிய பின் மிஞ்சிய வெற்றுக் கூடு அது, பதற வேண்டியதில்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டியவை இரண்டு. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வைட்டமின் பி 12 உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் ஆண்டுக் கணக்கில் குறைக்கிறது. பாதம் மரத்துப்போவதை 'சுகர்தான் காரணம்' என்று விட்டுவிடாமல் பி 12 அளவையும் பார்ப்பது நல்லது. மீனும் நண்டும் பி 12 நிறைந்தவை என்பதால் கடற்கரைக்காரர்களுக்குக் கையிருப்பு ஓரளவு இருக்கும். சைவம் மட்டுமே உண்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. இரண்டாவது, சிறுநீரகம். இந்த மருந்தை உடல் உடைப்பதில்லை, அப்படியே சிறுநீரில்தான் வெளியேற்றுகிறது. கடும் வாந்தியாலோ வயிற்றுப்போக்காலோ உடல் வற்றிச் சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து தேங்கும். குடல் தயாரிக்கும் லாக்டேட்டும் அரிதாக ஆபத்தான அளவுக்குச் சேரலாம். இதன் உறவுக்கார மருந்தான ஃபென்ஃபார்மின் 1970களில் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது இந்தக் காரணத்தால்தான். வெயிலில் வலை இழுத்துவிட்டு, வயிறு கழிந்துகொண்டிருக்கும்போதும் 'மாத்திரையை விடக்கூடாது' என்று பிடிவாதமாக விழுங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

மாமா, மருத்துவர் சொன்னபடி இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு மதுரை போய்ப் படம் எடுத்துக்கொண்டார். முடிவு வந்ததும் படத்தைக் கையில் வாங்கி, முதலில் குடல் இருக்கும் இடத்தைத்தான் தேடினார். அங்கே லேசான சாம்பல் நிறம் மட்டுமே இருந்தது. "வெளக்கு அணைஞ்சுதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, அன்று இரவு சூடை மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு எழுந்ததும் மாத்திரை அட்டையை எடுத்து வரச் சொன்னார்.